ஒரு நாள் முன்னதாக நடந்த கிரகணம்: நிகழ்ச்சிப் பட்டியலின் தேதிகளையும் இடங்களையும் திருத்திய பதிவு

விண்மீன் பார்க்கும் ஆர்வலர் குழு ஒன்றின் இணையப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இதுவரை நடந்த கூடுகைகள், கண்காணிப்பு இரவுகள், உரைகள் என 318 பதிவுகள் அதில் ஒரே நீண்ட பட்டியலாக இருக்கின்றன. மனிதர் படிப்பதற்கு அந்தப் பட்டியலில் பெரிய குறை ஏதும் இல்லை. அதைப் படித்து நாட்காட்டியையும் வரைபடத்தையும் தானாகவே உருவாக்கும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை நான் எழுதிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது. கிரீன்விச்சுக்கு வெகு மேற்கே வசிக்கும் உறுப்பினர் ஒருவர், தாம் எடுத்த புகைப்படத்தின் நேரத்தை ஒப்பிடுவதற்காக நாட்காட்டியைத் திறந்தபோது, 2018 ஜூலை 27 அன்று நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணம் அதில் ஜூலை 26 என்று காட்டப்பட்டது. நிலவு தன் கணக்கில் தவறுவதில்லை. ஆகவே பிழை என் மார்க்கப்பில், அதாவது கணினிக்காகப் பக்கத்தில் இடும் குறியீடுகளில்தான் இருந்தாக வேண்டும்.

அந்தப் பதிவில் நான் எழுதியிருந்தது எளிமையானது. இணையப் பக்கங்கள் எழுதப்படும் எச்டிஎம்எல் மொழியில் தேதிக்கென்றே உள்ள டைம் டேக்குக்குள் ‘ஜூலை 27, வெள்ளி’ என்ற சொற்களை வைத்து, அதன் டேட்டைம் பண்பில் 2018-07-27 என்று கொடுத்திருந்தேன். இதில் தவறு ஒன்றும் இல்லை. தவறு, இந்தச் சரத்தை (எழுத்துத் தொடரை) அப்படியே உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் டேட் செயற்கூற்றிடம் ஒப்படைத்ததில் இருந்தது. தேதி மட்டும் உள்ள சரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாகக் கொள்ள வேண்டும் என்பதும், தேதியுடன் நேரமும் இருந்து யூடிசி வேறுபாடு குறிப்பிடப்படாத சரத்தை உலாவி இருக்கும் இடத்தின் நேரமாகக் கொள்ள வேண்டும் என்பதும் அம்மொழியின் விதிகள். எனவே 27 என்ற நாள், 27ஆம் தேதி யூடிசி 00:00 என்ற ஒரு கணமாக மாறி, யூடிசிக்குப் பின்தங்கிய மண்டலங்களில் திரையில் எழுதப்படும்போது முந்தைய நாளின் மாலைக்குப் போய்விட்டது. யூடிசிக்கு முன்னே ஓடும் மண்டலங்களில் இருப்பவர்களுக்கு இந்தப் பிழை ஒருபோதும் தெரியாது. நானும் அப்படி ஒரு மண்டலத்தில் இருப்பதால்தான் இவ்வளவு காலம் எனக்கும் தெரியவில்லை.

முதலில் நான் செய்த திருத்தம், மூலப் பிழையைவிட மோசமானது. நேரம் இல்லாத எல்லாத் தேதிகளுக்கும் 00:00 என்று ஒட்டவைத்தால் உள்ளூர் நேரமாகக் கொள்ளப்படும் என்று கணக்கிட்டு, முழுப் பட்டியலையும் ஒரே ஓட்டத்தில் மாற்றிவிட்டேன். திரையில் தேதிகள் சரியாகின. ஆனால் அதே மார்க்கப்பிலிருந்து உருவான நாட்காட்டிக் கோப்பில், தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைப்பது பற்றிய உரை முதல் ஆண்டுக் கூட்டம் வரை எல்லாமே நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கின. எங்கள் குழு நள்ளிரவில் கூடும் வழக்கமுடையது என்பதால், அதை நம்பியவர்களும் இருந்தார்கள். நேரம் தெரியாது என்பதும் நேரம் 00:00 என்பதும் வேறு வேறு செய்திகள். இரண்டாவதை எழுதும்போது நான் அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்கிறேன். இந்த வேறுபாடு மனத்தில் பட்ட பிறகுதான் மாற்றத்தைத் திரும்பப் பெற்று, பட்டியலை ஒவ்வொரு பதிவாகப் பார்க்க உட்கார்ந்தேன். நாளை மட்டும் குறிக்கும் சரத்தை இப்போது டேட் செயற்கூற்றுக்கு அனுப்புவதில்லை; அதை ஆண்டு, மாதம், நாள் என மூன்று எண்களாகப் பிரித்து, எண்களாகவே கையாளுகிறேன்.

தேதிகள்

டைம் டேக்கின் சிறப்பு, அது முழுத் தேதியை வற்புறுத்துவதில்லை என்பதே. 2016-11 என்று மாதத்தோடு நிறுத்தலாம்; 2014 என்று ஆண்டை மட்டும் தரலாம்; 2020-இன் 53ஆம் வாரம் என்பதைக்கூட அதற்குரிய வடிவத்தில் சொல்லலாம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 12-ஐ ஒட்டி உச்சமடையும் பெர்சீட் எரிகற்பொழிவு பற்றிய நிரந்தரக் குறிப்புக்கு, ஆண்டே இல்லாத 08-12 என்ற வடிவம் கச்சிதமாகப் பொருந்தியது. கால அளவுக்கும் இடம் உண்டு. 2018 ஜூலை கிரகணத்தின் முழுமறைப்பு 1 மணி 43 நிமிடம் நீடித்தது. அதை இன்னொரு டைம் டேக்கில் கால அளவாகவே குறித்தேன். ஆனால் ‘இத்தேதி முதல் அத்தேதி வரை’ என்ற இடைவெளியை ஒரே டேக்கில் சொல்ல வழியில்லை. தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என இரண்டு வேண்டும்.

தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே டி என்ற ரோமன் எழுத்தையோ ஓர் இடைவெளியையோ வைக்க எச்டிஎம்எல் அனுமதிக்கிறது. தேடுபொறிகள் படிக்கும் தரவுப் புலங்களுக்குப் பெயர் தரும் ஸ்கீமா சொற்றொகுதி எதிர்பார்ப்பது, தேதிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 வடிவம் என்பதால், இரு இடங்களிலும் ஒரே சரம் இருக்கட்டும் என்று நான் டி எழுத்தையே பயன்படுத்தினேன். இந்தப் பதிவில் மட்டும் படிக்க வசதியாக இடைவெளி விட்டு எழுதுகிறேன்.

மணிகளில் எங்களுக்கென்று ஒரு தனித் தொல்லை இருந்தது. ‘27 இரவு 1 மணி’ என்று பட்டியலில் பல இடங்களில் இருந்தது. எழுதியவர் கருதியது 27ஆம் தேதி மாலையில் தொடங்கிய இரவின் 1 மணி, அதாவது 28ஆம் தேதி 01:00. என் பழைய ஸ்கிரிப்ட் அதை 27ஆம் தேதி 01:00 என்று எடுத்துக்கொண்டு, நிகழ்ச்சியை ஒரு முழு நாள் முன்னே தள்ளியிருந்தது. ஓர் இரவை இரண்டாக வெட்டுகிறது என்பதனாலேயே வானியலாளர்கள் நள்ளிரவு நாள் மாற்றத்தை நெடுங்காலம் தவிர்த்தார்கள். அவர்களுடைய நாள் 1925 தொடங்கும் வரை நண்பகலில்தான் பிறந்தது, வானியலில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் எண்ணிக்கை இன்றும் நண்பகலில்தான் மாறுகிறது. டைம் டேக்குக்கு அந்தச் சலுகை இல்லை. 24:00 என்று எழுதித் தப்பிக்கவும் முடியாது, மணி 23-க்கு மேல் போகக் கூடாது. ஆகவே ‘இரவு 12’, ‘இரவு 1’, ‘இரவு 2’ என்று வரும் எல்லாப் பதிவுகளையும் தேடியெடுத்து, கையால் மறுநாளுக்கு மாற்றினேன். திரையில் தெரியும் சொற்களை மாற்றவில்லை. மக்கள் சொல்வது ‘27 இரவு’தான், கணினிக்குரிய 28 பண்புக்குள் இருந்தால் போதும்.

அதே கிரகணம் யூடிசி வேறுபாட்டின் தேவையையும் காட்டியது. முழுமறைப்பு தொடங்கியது 2018-07-27 19:30 யூடிசி, முடிந்தது 21:13. கிழக்கே உள்ள பல மண்டலங்களில் அந்தக் கணம் ஏற்கெனவே 28ஆம் தேதியாகிவிட்டிருந்தது. இப்படி உலகம் முழுவதற்கும் ஒரே கணமாக நிகழும் வானியல் நிகழ்வுகளுக்கு யூடிசி வேறுபாட்டுடன் கூடிய நேரம் கட்டாயம். எங்கள் கூடுகைகளுக்கோ ஓரிடத்தின் கடிகாரம்தான் முக்கியம், எனினும் அங்கும் வேறுபாட்டை எழுதினேன். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது இல்லாமல் பயனில்லை. இங்கே செய்த ஒரு சோம்பல் பிழையையும் சொல்லிவிடுகிறேன்: பட்டியல் முழுவதற்கும் ஒரே வேறுபாட்டை ஒட்டினேன். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தும் கோடைக்கால நேரம் கடைப்பிடிக்கும் இடங்களில் நடந்த கூடுகைகளில் அது ஆண்டின் பாதியில் ஒரு மணி நேரம் தவறாக இருந்தது. வேறுபாடு என்பது ஒரு கணத்தின் எண்; நேர மண்டலம் என்பது அந்த எண் எப்போது எப்படி மாறும் என்ற விதிகளின் தொகுப்பு. சமோவா 2011 டிசம்பர் 30 என்ற நாளையே தாண்டிக் குதித்து நாள் மாற்றக் கோட்டின் மறுபுறம் போனதைப் போல, அந்த விதிகளை ஓர் அரசாங்கம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். டைம் டேக்கில் மண்டலத்தின் பெயரை எழுத இடமில்லை. 2024-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 9557 என்ற இணையத் தர ஆவணம் மண்டலப் பெயரைச் சதுர அடைப்புக்குள் சேர்க்க ஒரு வடிவம் தருகிறது என்றாலும், டேட்டைம் பண்பு அதை ஏற்பதில்லை. ஆகவே மூலத் தரவுக் கோப்பில் மண்டலப் பெயரை வைத்துக்கொண்டு, பக்கத்தை உருவாக்கும்போது வேறுபாட்டைக் கணக்கிட்டு எழுதும்படி ஸ்கிரிப்ட்டை மாற்றினேன். இனி வரப்போகும் நிகழ்ச்சிகளுக்கு விதி மாறினாலும், பக்கத்தை மறுபடி உருவாக்கினால் போதும்.

மிக அதிகமான நேரத்தை விழுங்கியவை 3/4, 9/5 என்ற பாணியில் எழுதப்பட்ட 41 பதிவுகள். எது நாள், எது மாதம் என்று எழுதியவருக்கு மட்டுமே தெரியும், எழுதியவர்களோ பலர். எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகத் தோன்றிய யோசனை, நிலவைக் கேட்பது. எங்கள் கண்காணிப்பு இரவுகள் எல்லாம் அமாவாசையை ஒட்டியே நடக்கும் என்பதால், இரண்டு வாசிப்புகளில் எது அமாவாசைக்கு அருகில் விழுகிறதோ அதுவே சரி என்று முடிவெடுக்கலாம் என நினைத்தேன். ஒரு மாலை முழுதும் நிலவின் கலையைக் கணக்கிடும் நிரலை எழுதி ஓட்டினால், ஏறத்தாழ ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு தேதிகளுமே அமாவாசைக்கு அருகில் என்று விடை வந்தது. நிரலில் பிழை என்று எண்ணி இரண்டு முறை திருத்திய பிறகே காரணம் விளங்கியது. மார்ச் 4-க்கும் ஏப்ரல் 3-க்கும் இடையே 30 நாட்கள். நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும்போது, ஒவ்வொரு மாதம் முன்னேறுவதற்கும் ஒரு நாள் பின்வாங்குகிறோம். ஒரு மாதத்தின் சராசரி 30.44 நாளில் ஒன்றைக் கழித்தால் 29.44. நிலவு ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்கு எடுத்துக்கொள்வது 29.53 நாள். இடம் மாற்றும் பிழையை நிலவால் கண்டுபிடிக்கவே முடியாது என்பதற்கு இதைவிட நேர்த்தியான நிரூபணம் இருக்க முடியாது. அதை ஒரு மாலையைச் செலவழித்துக் கண்டுபிடித்தவன் நான்.

கடைசியில் கைகொடுத்தது கிழமை. அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவற்றில் ‘சனிக்கிழமை’, ‘வெள்ளி இரவு’ என்ற சொற்கள் இருந்தன. இரண்டு வாசிப்புகளுக்கும் கிழமையைக் கணக்கிட்டு, பொருந்துவதை எடுத்துக்கொண்டதில் 29 பதிவுகள் தெளிவாயின. ஆனால் மே 9-க்கும் செப்டம்பர் 5-க்கும் இடையே 119 நாட்கள், அதாவது சரியாக 17 வாரங்கள். ஜூலை 11-க்கும் நவம்பர் 7-க்கும் இடையேயும் அவ்வாறே. இந்த இரண்டு இணைகளும் எந்த ஆண்டிலும் ஒரே கிழமையில் விழும். 9/5 என்று எழுதப்பட்ட இரண்டு பதிவுகள் எங்களிடம் இருந்தன. அவற்றுக்குப் பதிவில் பேசப்படும் கோளையும் விண்மீன் கூட்டத்தையும் பார்த்து முடிவெடுத்தேன். நிலவைப் போலன்றி, விருச்சிகம் மே மாத நள்ளிரவிலும் செப்டம்பர் நள்ளிரவிலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

பழைய மார்க்கப்

பட்டியலின் தொடக்கப் பகுதியை எனக்கு முன் இருந்தவர், வகுப்புப் பெயர்களால் தரவைக் குறிக்கும் மைக்ரோஃபார்மட் முறையில் எழுதியிருந்தார். டைம் டேக் பிறக்காத அந்தக் காலத்தில், ஹெச்கேலண்டர் என்ற வழக்கப்படி, சுருக்கச் சொற்களுக்கான ஏபிபிஆர் டேக்கில் மனிதருக்கான தேதியையும் அதன் டைட்டில் பண்பில் கணினிக்கான தேதியையும் வைப்பார்கள். வகுப்புப் பெயரான டிடிஸ்டார்ட் இது தொடக்கத் தேதி என்று அறிவிக்கும். அழகான தந்திரம்தான், ஆனால் டைட்டில் பண்பு மனிதருக்குரியது. பார்வையற்றோர் பயன்படுத்தும் சில திரைவாசிப்பான்கள் தெரியும் சொல்லை விட்டுவிட்டு அந்த எண் சரத்தையே வாய்விட்டுப் படிக்கும். இந்தக் காரணத்தை முன்னிட்டே பிபிசி 2008 ஜூனில் தன் நிகழ்ச்சிப் பக்கங்களிலிருந்து ஹெச்கேலண்டரை எடுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அது அப்படியே இருந்துவிட்டது. திரைவாசிப்பான் ஒன்றை இயக்கிக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பதிவுகளுக்கு மேல் பொறுமை இருக்கவில்லை.

அவற்றை டைம் டேக்குக்கு மாற்றுவது இயந்திர வேலை என்று எண்ணி ஸ்கிரிப்ட்டிடம் விட்டதும் ஒரு பிழை முளைத்தது. இரண்டு நாள் முகாம் ஒன்று ‘நவம்பர் 10 முதல் 11 வரை’ என்று தெரியும் எழுத்தில் இருந்தது. முடிவுத் தேதியைக் குறிக்கும் டிடிஎண்ட் மதிப்போ 12 என்று இருந்தது. எழுதியவர் தவறவில்லை. ஹெச்கேலண்டர் பின்பற்றிய, நாட்காட்டிக் கோப்புகளுக்கான ஐகேலண்டர் வரையறையில், முழுநாள் நிகழ்ச்சியின் முடிவுத் தேதி நிகழ்ச்சியில் சேராத அடுத்த நாளாகும். ஸ்கீமாவின் எண்ட்டேட் புலத்திலோ நிகழ்ச்சி முடியும் நாளையே எழுதுகிறோம். அப்படியே நகலெடுத்ததால் எல்லா முகாம்களும் ஒரு நாள் நீண்டன. மார்க்கப்புக்கு ஒரு நாள் கழித்தும், அதிலிருந்து ஐகேலண்டர் கோப்பை உருவாக்கும்போது ஒரு நாள் கூட்டியும் எழுதும்படி செய்தேன். டைம் டேக்குக்கே 2011 அக்டோபர் இறுதியில் வரையறையிலிருந்து நீக்கப்பட்டு, எழுந்த எதிர்ப்பால் நவம்பரில் திரும்பி வந்த வரலாறு உண்டு. அன்று நீங்கியே போயிருந்தால் இந்த மாற்ற வேலையை நான் இன்னொரு முறை செய்திருப்பேன்.

‘வரலாற்றில் இந்நாள்’ என்ற சிறு பகுதியும் கையில் சிக்கியது. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25 என்று அதில் இருந்தது. அது அன்றைய இங்கிலாந்தில் வழங்கிய ஜூலியன் நாட்காட்டித் தேதி. டேட்டைம் பண்பு கிரிகோரியன் தேதியையே எதிர்பார்க்கிறது, கிரிகோரியன் நாட்காட்டி பிறப்பதற்கு முந்தைய காலத்துக்கும் அதையே பின்னோக்கி நீட்டுகிறது. ஆகவே தெரியும் எழுத்து டிசம்பர் 25, 1642 என்றும் பண்பு 1643-01-04 என்றும் ஆண்டே மாறி நிற்கின்றன, இரண்டும் சரி. கிரேக்க அறிஞர் தேல்ஸ் முன்னறிவித்ததாகச் சொல்லப்படும் கி.மு. 585 கிரகணத்துக்கு டைம் டேக்கில் இடமே இல்லை. ஆண்டு பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 8601-இல் கி.மு. 1 என்பது ஆண்டு 0 என்பதால் அது -0584 ஆகும் என்றாலும், எச்டிஎம்எல் அதை ஏற்காது. அந்த வரியை வெறும் எழுத்தாகவே விட்டுவிட்டேன்.

இடங்கள்

தேதிக்கு ஒரு டேக் இருப்பதுபோல் இடத்துக்கு எச்டிஎம்எல்லில் ஒன்று இல்லை. பெயரைப் பார்த்து அட்ரஸ் டேக்கைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள், எங்கள் பக்கத்திலும் அப்படித்தான் இருந்தது. அந்த டேக் பக்கத்தையோ கட்டுரையையோ எழுதியவரைத் தொடர்புகொள்ளும் விவரத்துக்கு உரியது. நிகழ்ச்சி நடக்கும் இடத்தை அதில் வைத்தால், ஒவ்வொரு திறந்தவெளியிலும் பக்கத்தின் பொறுப்பாளர் குடியிருப்பதாக ஆகிவிடும். எனவே இடங்களை ஸ்கீமா சொற்றொகுதியில், பக்கத்தின் தலைப்பகுதியில் வைக்கும் ஜேசன்-எல்டி என்ற தரவுத் துண்டாக எழுத முடிவுசெய்தேன். மைக்ரோடேட்டா முறையில் தெரியும் எழுத்தோடு கலந்து எழுதலாம். ஆனால் ஓர் அட்சரேகையைத் திரையில் காட்ட விரும்பாதபோது அது கண்ணுக்குத் தெரியாத டேக்குகளின் குவியலாகிவிடும். ஜேசன்-எல்டியின் குறை, ஒரே தகவல் இரண்டு இடங்களில் இருப்பதும் நாளடைவில் அவை வேறுபடுவதும். இரண்டையும் ஒரே தரவுக் கோப்பிலிருந்து ஸ்கிரிப்ட் எழுதுகிறது என்பதால் மட்டுமே இதைத் தேர்ந்தேன். கையால் எழுதுபவர் என்றால் மைக்ரோடேட்டாவையே பரிந்துரைப்பேன்.

எண்களில் முதல் குளறுபடி பாகை, கலை, விகலையிலிருந்து வந்தது. சோதனைக்காக எல்லோருக்கும் தெரிந்த இடமான சிலியின் பரனல் ஆய்வகத்தை எடுத்துக்கொண்டேன்: தெற்கு 24 பாகை 37 கலை 38 விகலை, மேற்கு 70 பாகை 24 கலை 15 விகலை. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் இது -24.6272, -70.4042 ஆகும். எங்கள் பட்டியலில் சிலர் கலையையும் விகலையையும் அப்படியே புள்ளிக்குப் பின் எழுதியிருந்தார்கள். பரனலை அவ்வாறு எழுதினால் 24.3738, 70.2415 என்று ஆகி, குறியைச் சரியாகப் போட்டாலும் 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்களும் அடுத்த இரண்டு இலக்கங்களும் ஓர் இடத்தின் எண்ணில்கூட 59-ஐத் தாண்டவில்லை என்றால் சந்தேகப்படு என்று ஒரு சோதனை வைத்தேன். அது ஐயத்தை மட்டுமே எழுப்பும் என்றாலும், ஏழு இடங்களைச் சரியாகப் பிடித்துக் கொடுத்தது.

தெற்கும் மேற்கும் எதிர்க்குறி. அந்தக் குறி தொலைந்தால் பரனல் அட்டகாமா பாலைவனத்திலிருந்து தார் பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். பாலைவனத்துக்குப் பாலைவனம் என்பதால் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தாலும் ஐயம் வராது. குறி தொலைவதற்கு மறதி மட்டும் காரணமில்லை. சொற்செயலி ஒன்றில் தட்டச்சு செய்து ஒட்டிய பதிவுகளில், விசைப்பலகையின் சிறுகோடு தானாகவே நீளக்கோடாகவோ யூனிகோடு 2212 என்ற கழித்தல் குறியாகவோ மாறியிருந்தது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றே. ஜேசன் வாசிப்பானுக்கு விசைப்பலகைச் சிறுகோடு மட்டுமே கழித்தல். மற்றவை வந்தால் முழுத் துண்டையும் நிராகரித்துவிடும். தேதிகளிலும் இதே கோடு நடுவே புகுந்து பன்னிரண்டு பதிவுகளைச் செல்லாததாக்கியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. இரண்டாம் நாள் இறுதியில்தான் எழுத்துக்களின் குறியெண்களை அச்சிட்டுப் பார்க்கத் தோன்றியது. முதல் ஐந்து நிமிடத்தில் தோன்றியிருக்க வேண்டியது.

வரிசை அடுத்த சிக்கல். பழைய ஜியோ மைக்ரோஃபார்மட்டும் ஐகேலண்டரும் அட்சரேகையை முதலில் எழுதி, அரைப்புள்ளியிட்டுத் தீர்க்கரேகையை எழுதும். ஜியோ என்று தொடங்கும் இணைய முகவரி வடிவம் காற்புள்ளியிட்டு அதே வரிசையைப் பின்பற்றும். வரைபடத்துக்கு நான் உருவாக்கிய ஜியோஜேசன் கோப்போ, 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7946-இன்படி தீர்க்கரேகையை முதலில் கேட்கும். ஸ்கீமாவில் லாட்டிட்யூட், லாங்கிட்யூட் என்று பெயரோடு தனித்தனிப் புலங்கள் இருப்பது இதனால் பெரிய நிம்மதி. வரிசை மாறியதைக் கண்டுபிடிக்க, அட்சரேகை 90-ஐத் தாண்டக் கூடாது என்ற சோதனையைப் பலரும் நம்புகிறார்கள். பரனலை மாற்றிப் போட்டால் அது 70 பாகை தெற்கு ஆகும். சோதனை எந்த முணுமுணுப்புமின்றி ஏற்றுக்கொண்டு, தொலைநோக்கிகளை அண்டார்க்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலில் இறக்கிவிட்டது.

இடமே எழுதப்படாத பதிவுகள் கினி வளைகுடாவில் கூடின. ஜாவாஸ்கிரிப்ட்டில் வெற்றுச் சரத்தை எண்ணாக மாற்றினால் பூஜ்யம் கிடைக்கும். பூஜ்யம், பூஜ்யம் என்பது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடல். நள்ளிரவு 00:00-இன் உடன்பிறப்பு இது. இப்போது எண் இல்லையெனில் ஜியோ புலத்தையே எழுதுவதில்லை. இடத்தின் பெயர் மட்டும் போகிறது.

பூஜ்யத்தைப் பற்றி இன்னொன்று. சோதனைப் புள்ளிகளில் ஒன்றாகக் கிரீன்விச்சில் ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளரின் பெயர் கொண்ட பழைய பூஜ்யத் தீர்க்கரேகைக் கோட்டை வைத்து, அதன் தீர்க்கரேகை 0 என்று எழுதியிருந்தேன். வரைபடத்தின் ஊசி கோட்டுக்குக் கிழக்கே பூங்காவில் போய் விழுந்தது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முறையில் பூஜ்யக் கோடு அந்தப் புகழ்பெற்ற கோட்டிலிருந்து 102 மீட்டர் கிழக்கே ஓடுகிறது. கோட்டின் சரியான எண் -0.0015. ஜியோஜேசனும் இணைய வரைபடங்களும் டபிள்யூஜிஎஸ் 84-ஐயே கருதுகின்றன. ஆகவே பழைய அச்சு வரைபடத்திலிருந்து எடுத்த எண்களை அப்படியே இடக்கூடாது என்பதை அன்று புரிந்துகொண்டு, அப்படி எடுத்த நான்கு இடங்களைச் செயற்கைக்கோள் படத்தில் மறுபடி குறித்தேன்.

எத்தனை தசம இலக்கம் என்பதில் என் முடிவு உறுதியானது. அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். நான்காம் தசமம் 11 மீட்டர், ஆறாம் தசமம் 11 சென்டிமீட்டர். எங்கள் பட்டியலில் சில இடங்களுக்கு பதினான்கு தசமம் இருந்தது. அது ஓர் அணுவின் அளவையொத்த துல்லியம் அல்லவென்றாலும் அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மக்கள் கூடும் மைதானத்துக்கு நான்கு தசமம் போதும் என்று வெட்டினேன். நிலத்தின் உரிமையாளர் துல்லியமான இடத்தை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் இடத்துக்கு, எண்ணை வெறுமனே இரண்டு தசமமாக வெட்டினால் போதாது. அப்போதும் வரைபடம் ஓர் ஊசியை நட்டு, யாரோ ஒருவருடைய வயலைக் காட்டும். ஸ்கீமாவில் உள்ள ஜியோசர்க்கிள் வடிவத்தில் ஒரு நடுப்புள்ளியையும் 2000 மீட்டர் ஆரத்தையும் கொடுத்து, வரைபடத்தில் ஊசிக்குப் பதில் வட்டம் வரையும்படி செய்தேன். நடுப்புள்ளியையும் உண்மையான இடத்திலிருந்து நகர்த்தியே வைத்தேன்; இல்லையென்றால் வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடிப்பது எவருக்கும் எளிது.

சரிபார்ப்பு

எச்டிஎம்எல் சரிபார்ப்பானும் ஸ்கீமா சரிபார்ப்பானும் வடிவப் பிழைகளைப் பிடிக்கும். நீளக்கோடு, 24:00, பிப்ரவரி 30 போன்றவை அவற்றிடம் தப்பாது. ஆனால் கடலில் நடக்கும் கூடுகையும் எல்லா நள்ளிரவு உரைகளும் அவற்றுக்கு முழுச் சம்மதம். எனவே மூன்று சொந்தச் சோதனைகளை எழுதி, பக்கத்தை உருவாக்கும்போதெல்லாம் ஓடவிட்டேன். தெரியும் எழுத்தில் கிழமை இருந்தால் அது தேதியோடு பொருந்த வேண்டும். கண்காணிப்பு இரவு எனில் அந்த நேரத்தில் அந்த இடத்தில் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மார்க்கப்பை உலாவியில் யூடிசிக்கு 10 மணி பின்தங்கிய மண்டலத்திலும் 13 மணி முந்திய மண்டலத்திலும் திறந்து பார்த்தால் ஒரே நாள் தெரிய வேண்டும். இவற்றில் இரண்டாவது சோதனை தேதியையும் நேரத்தையும் வேறுபாட்டையும் இடத்தையும் ஒருசேரப் பிடித்துவிடுகிறது, ஏனெனில் நான்கில் எது பெரிதாகத் தவறினாலும் பகலில் விண்மீன் பார்த்ததாக ஆகிவிடும். காலை 10 மணிக்கு ஆண்ட்ரோமீடாவைப் பார்த்த ஒன்பது பதிவுகள் அதனால் வெளிவந்தன. அவற்றில் ஆறு, பிற்பகலைக் குறிக்கும் சொல்லை என் ஸ்கிரிப்ட் விழுங்கிவிட்டதால் நேர்ந்தவை.

மேகத்தால் கைவிடப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு முன்பெல்லாம் தேதியை அழித்துவிட்டு ‘ரத்து’ என்று எழுதுவோம். ஸ்கீமாவில் நிகழ்ச்சியின் நிலைக்கென்று தனிப் புலம் இருப்பதால், தொடக்கத் தேதியை விட்டுவைத்து நிலையை மட்டும் மாற்றினேன். தள்ளிவைத்தவற்றுக்கு முந்தைய தொடக்கத் தேதி என்ற புலத்தையும் சேர்த்தேன். நாட்காட்டியில் அந்த இரவைக் குறித்து வைத்தவருக்கு அது எங்கே போயிற்று என்று தெரியும்.

புகைப்பட ஒப்பீட்டில் இருந்த உறுப்பினரின் நாட்காட்டியில் கிரகணம் இப்போது ஜூலை 27-க்கு வந்துவிட்டது. 41 ஐயப் பதிவுகளில் ஐந்துக்கு இன்னும் விடை இல்லை. ஐஎஸ்ஓ 8601-இன் 2019 பதிப்பின் இரண்டாம் பகுதியில் ‘ஏறத்தாழ’, ‘ஐயத்துக்குரியது’ என்று தேதியோடு குறி இடும் முறை இருக்கிறது. டைம் டேக் அதை ஏற்பதில்லை. ஆகவே அந்த ஐந்துக்கும் உறுதியாகத் தெரிந்த ஆண்டோடு நிறுத்திக்கொண்டேன். அவற்றில் ஒன்றில் இருப்பது ‘7/11, பெரிய மைதானம், முழுக்க மேகம்’ என்ற நான்கைந்து சொற்கள் மட்டுமே. கிழமையும் இல்லை, விண்மீனும் இல்லை. எந்த மைதானம் என்று நினைவுள்ளவரும் இல்லை. அதன் டேட்டைம் பண்பில் 2009 என்று மட்டும் இருக்கிறது, ஜியோ புலம் இல்லை.